ஃபைல் உள்ளே வந்துவிட்டது, கணக்குதான் உதைக்கிறது: ஆக்டேவில் தரவு ஏற்றும்போது வரும் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

கடந்த நவம்பரில் ஒரு நாள் இரவு ஒன்பது மணி இருக்கும். சிவில் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி போன் செய்தான். அவனுடைய புராஜெக்ட் சென்னை மழை.

"அக்கா, ஒரு டவுட். நுங்கம்பாக்கத்துல பிப்ரவரி 12-ஆம் தேதி 29 சென்டிமீட்டர் மழைன்னு வருது. இத ரிப்போர்ட்ல எப்படி எழுதுறது?"

"எந்த வருஷம்டா?"

"2015."

சென்னையில் அப்போது இருந்த யாருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. ஃபைலில் தேதி 02/12/2015 என்று இருந்திருக்கிறது. மாதம்தான் முதலில் வரும் என்று எடுத்துக்கொண்டால் அது பிப்ரவரி 12. தம்பி வளர்ந்தது திருச்சிப் பக்கம். அந்த வெள்ளம் அவனுக்குச் செய்தியில் பார்த்த விஷயம். அதனால் எண் அவனை உறுத்தவில்லை. மென்பொருளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதுதான் எனக்குப் பெரிய கவலை. சிவப்பு எழுத்தில் பிழை வந்தால் எல்லாரும் நின்று சரிசெய்கிறார்கள். சத்தமில்லாமல் ஏறிவிட்ட ஃபைலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் கீழே சத்தம் போடும் சிக்கல்களைச் சீக்கிரமாகக் கடந்துவிட்டு, சத்தம் போடாதவற்றில் நின்று பேசப்போகிறேன்.

நான் சொல்வதெல்லாம் ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருளை வைத்து. இலவசமானது, இதே வேலைக்கான கட்டண மென்பொருளான மேட்லாபின் பாடத்தை அப்படியே பழகலாம் என்பதால் இங்கே மாணவர்களிடம் நிறையப் புழங்குகிறது. ஜான் ஈட்டன் 1992-இல் இதை எழுத ஆரம்பித்ததே வேதிப்பொறியியல் மாணவர்களுக்காகத்தான். பெயரும் அவருடைய பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலுடையது. ஆக, நிரல் எழுதத் தெரியாதவர்கள் இதில் தடுமாறுவது குறையே இல்லை, அவர்களுக்காக வந்ததுதான் இது. மேட்லாபும், பைத்தான் மொழியின் தரவுத் தொகுப்பான பாண்டாஸும் வேறுபடும் இடங்களில் சொல்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளி விடாமல் தட்டுங்கள்.

எதற்கும் முன்னால் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செல்லில் வேண்டாம். எக்செல் திறக்கும்போதே தேதி, எண், முன்னால் நிற்கும் சுழியம் எல்லாவற்றிலும் கை வைத்துவிடும். மூடும்போது சேவ் கொடுத்தால் அது ஃபைலிலேயே பதிந்துவிடும். நோட்பேடில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான்: தலைப்பு எத்தனை வரி, மதிப்புகளைப் பிரிப்பது கமாவா டேபா, காலி இடங்களில் என்ன இருக்கிறது, கடைசி வரியில் "மொத்தம்" என்று எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா. இரண்டு நிமிட வேலை.

ஃபைலே இல்லை என்கிறது

பெரும்பாலும் ஆக்டேவ் நிற்கும் ஃபோல்டர் வேறு, ஃபைல் இருக்கும் ஃபோல்டர் வேறு. பிடபிள்யூடி என்று தட்டினால் எங்கே நிற்கிறது என்று காட்டும். இடம் சரியாக இருந்தும் இல்லை என்றால், விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை மறைத்து வைத்திருக்கிறதா பாருங்கள். "மழை.சிஎஸ்வி" என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே "மழை.சிஎஸ்வி.டிஎக்ஸ்டி" ஆக இருக்கும். (சிஎஸ்வி என்றால் மதிப்புகளைக் கமாவால் பிரித்து எழுதிய எழுத்து ஃபைல்.)

இதற்கு நேர் எதிரானது இன்னும் மோசம்: ஃபைல் கிடைத்துவிடும், ஆனால் பழையது. அதே ஃபைலை இரண்டாம் முறை டவுன்லோடு செய்தால் பிரவுசர் பெயருக்குப் பின்னால் (1) சேர்த்துவிடும். உங்கள் நிரல் முதல் ஃபைலையே திறந்துகொண்டிருக்கும். "திருத்திய ஃபைல் அனுப்பிட்டாங்க, ஆனா விடை மாறவே இல்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஃபைல் இருக்கிறது, வகை தெரியவில்லை என்கிறது

லோட் கட்டளையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதற்கு எண்கள் மட்டும் இருக்க வேண்டும், எல்லா வரியிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். தலைப்பு வரி ஒன்று வந்தாலே கையை விரித்துவிடும். டிஎல்எம்ரீட் பயன்படுத்துங்கள். பிரிப்பானைச் சொன்ன பிறகு எத்தனை வரியை, எத்தனை நெடுவரிசையைத் தாண்ட வேண்டும் என்றும் சொல்லலாம்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. ஆக்டேவில் அணியின் முதல் வரி 1. ஆனால் டிஎல்எம்ரீட்டில் மட்டும் எண்ணிக்கை 0-இல் தொடங்கும். ஒரு வரித் தலைப்பைத் தாண்ட 1, 0 என்று தர வேண்டும். "இரண்டாம் வரியிலிருந்து தானே" என்று 2 போட்டால் முதல் நாள் தரவு காணாமல் போகும். எதையுமே தராவிட்டால் தலைப்பு 0, 0 என்று ஒரு வரியாக உள்ளே வந்து உட்காரும். இரண்டுக்கும் பிழை வராது. வடகிழக்குப் பருவமழைத் தரவு என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள். ஏற்றியதும் சைஸ் போட்டுப் பாருங்கள். 91 வந்தாலும் 93 வந்தாலும் காரணம் இதுதான்.

ரீட்டேபிள், ரீட்மேட்ரிக்ஸ் இல்லை என்று வந்தால் பதற வேண்டாம். அவை மேட்லாபுடையவை, நான் வேலை செய்த ஆக்டேவ் பதிப்புகளில் கூடவே வருவதில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஃபைலுக்கு ஆக்டேவில் டெக்ஸ்ட்ஸ்கேன் இருக்கிறது.

கூட்டுத்தொகை நம்ப முடியாத அளவு குறைவாக வருகிறது

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் உறைக்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில். நாளிதழ்களிலும் அறிக்கைகளிலும் வருவதுபோல எழுதினால்:

செம்பரம்பாக்கம்,3,645
புழல்,3,300
பூண்டி,3,231
சோழவரம்,1,081
கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை,500

நம் கண்ணுக்கு இது தெளிவு. கணினிக்கு கமா என்றால் அடுத்த நெடுவரிசை. செம்பரம்பாக்கத்தின் 3,645 இரண்டாக உடைந்து 3 ஒரு கட்டத்திலும் 645 அடுத்த கட்டத்திலும் போகும். இரண்டாம் நெடுவரிசையைக் கூட்டினால் 3, 3, 3, 1, 500: மொத்தம் 510. உண்மையில் வர வேண்டியது 11,757. ஆயிரத்துக்குக் கீழே இருந்த ஒரே ஏரி மட்டும் சரியாக நிற்கிறது, மற்ற நான்கும் வறண்டுவிட்டன.

லட்சக் கணக்கு எழுதும் நமக்கு இது இரட்டிப்பு. 1,25,000 மூன்று துண்டாகும். மேற்கோள் குறிக்குள் இருந்தாலும் டிஎல்எம்ரீட் அதைப் பொருட்படுத்தாது. விரிதாள் உங்கள் கையில் இருந்தால், கட்டத்தின் வடிவத்தில் ஆயிரப் பிரிப்பானை எடுத்துவிட்டுப் பிறகு சிஎஸ்வி ஆகச் சேமியுங்கள். சிஎஸ்வி மட்டும்தான் கிடைத்தது என்றால், வரி வரியாக எழுத்தாக வாசித்து, முதல் கமாவோடு பெயரை வெட்டி, மீதியை, எழுத்தை எண்ணாக்கும் எஸ்டிஆர்2டபிள்-இடம் கொடுங்கள். எண்ணுக்குள் இருக்கும் கமாவை அது தானே விழுங்கிவிடும், லட்சக் கமாவாக இருந்தாலும். பாண்டாஸில் தௌசண்ட்ஸ் என்ற விருப்பத்தில் கமாவைத் தந்தால் போதும், ஆனால் ஃபைலில் எண்ணைச் சுற்றி மேற்கோள் குறி இருக்க வேண்டும்.

சராசரி கொஞ்சம் இறங்கியிருக்கிறது

"கொஞ்சம்" என்பதால்தான் இது தப்பிவிடுகிறது.

ஒரு ஏரியின் மட்டம் ஐந்து நாளுக்கு 20.1, 20.3, காலி, 20.6, 20.8 அடி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் யாரும் அளக்கவில்லை. நான்கு நாள் சராசரி 20.45. ஆனால் டிஎல்எம்ரீட்டும் சிஎஸ்விரீட்டும் காலிக் கட்டத்தில் 0 போட்டுவிடும், நாம் வேறு சொல்லாத வரை. அப்போது சராசரி 16.36. ஏரி ஒரே நாளில் வற்றி, மறுநாளே நிரம்பியதாகக் கணக்கு. மட்டம் என்றால் வரைபடம் போட்டதுமே பள்ளம் தெரிந்துவிடும். மழை என்றால் தெரியாது. மழைமானி பழுதாகி நின்ற நாள், மழை பெய்யாத நாளாகிவிடும். அப்படிப் பத்து நாள் விடுபட்ட நிலையத்தை வைத்து "இந்தப் பகுதியில் மழை குறைகிறது" என்று எழுதிவிட்டால், அதைப் படிப்பவருக்கு உண்மை தெரிய வழியே இல்லை.

சரிசெய்வது எளிது. டிஎல்எம்ரீட்டில் எம்டிவேல்யூ என்ற விருப்பத்துக்கு நேன் கொடுங்கள். காலிக் கட்டங்கள் எண்ணல்லாத மதிப்பாக வரும். அதற்குப் பிறகு சராசரி கேட்டால் விடையும் நேன் என்று வரும். சிலர் அதைப் பார்த்துச் சலித்து மறுபடி 0-க்கே போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இங்கே தரவு இல்லை என்று அது நேர்மையாகச் சொல்கிறது. இஸ்நேன் கொண்டு அந்த இடங்களை எண்ணி, எத்தனை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு, மீதியை மட்டும் வைத்துச் சராசரி எடுங்கள். மேட்லாபின் ரீட்மேட்ரிக்ஸ் தானாகவே நேன் போடும், அந்த விதத்தில் அது பாதுகாப்பு.

காலியாக விடாமல் −999 என்று போட்டு வைப்பதும் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டவாரி மழைத் தரவில் விடுபட்ட மதிப்புக்கு −999 தான் அடையாளம். மழையின் கூட்டுத்தொகை மைனஸில் போனால் உடனே பிடித்துவிடலாம். வெப்பநிலையில் அப்படியில்லை. ஆண்டுச் சராசரி 33.0 டிகிரி வர வேண்டிய 365 நாள் பட்டியலில் ஒரே ஒரு −999 புகுந்தால் சராசரி 30.2 ஆகும். 30.2 என்பது யாரையும் உறுத்தாத எண். அதனால் எந்த நெடுவரிசையை ஏற்றினாலும் முதலில் மின், மேக்ஸ் இரண்டையும் பாருங்கள். மின் −999 என்று வந்தால், அந்த இடங்களை நேன் ஆக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

எண் போலத் தெரிகிறது, கூட்ட மறுக்கிறது

செல் வகைக்கு (எழுத்தும் எண்ணும் கலந்து வைக்கும் பட்டியல்) கூட்டல் கிடையாது என்று பிழை வரும். நெடுவரிசையில் எங்கோ ஓரிடத்தில் எழுத்து இருக்கிறது என்று பொருள். மழைப் பட்டியலில் அளக்க முடியாத சொற்பத் தூறலைக் குறிக்கும் ஒற்றை எழுத்தாக இருக்கலாம், "இல்லை" என்று யாரோ கையால் எழுதியதாக இருக்கலாம். எஸ்டிஆர்2டபிள் போட்டுவிட்டு எங்கெல்லாம் நேன் வந்தது என்று தேடினால் வரி எண் கிடைக்கும்.

அங்கே போய்ப் பார்த்தால் "12.4" என்று நல்ல எண்ணாகவே தெரிந்தால்? இணையப் பக்கத்து அட்டவணையிலிருந்து ஒட்டிய தரவாக இருக்கும். அதில் வரும் இடைவெளி நம் ஸ்பேஸ்பாரில் தட்டும் இடைவெளி இல்லை, உடையா இடைவெளி. சாதாரண இடைவெளியின் எண் 32, இதன் எண் 160. யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் எண்களாகச் சேமிக்கும் குறியாக்கம்) ஃபைலில் 194, 160 என்று இரண்டு பைட்டாக இருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அந்தக் கட்டத்தை டபிள் கட்டளைக்குக் கொடுத்தால் பைட் எண்களாக விரித்துக் காட்டும். 194, 160 தென்பட்டால் எஸ்டிஆர்ரெப் கொண்டு அதைத் துடைத்துவிடலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. மின் இணைப்பு எண், கைபேசி எண் போன்றவை எண் மாதிரி இருக்கும் பெயர்கள். அவற்றை எண்ணாக ஏற்றினால் முன்னால் உள்ள 0 போய்விடும். எழுத்தாகவே ஏற்றுங்கள். அவற்றுக்கு யாரும் சராசரி எடுக்கப்போவதில்லை.

தமிழ்ப் பெயர்கள் கந்தலாகத் தெரிகின்றன

"புழல்" என்ற இடத்தில் தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால், ஃபைல் யூடிஎஃப்-8, திறந்தது வேறு குறியாக்கத்தில். ஃபைல் கெடவில்லை, திறக்கும் முறையை மாற்றினால் போதும். ஆனால் சாதாரண ஆங்கில எழுத்துகளே பொருளில்லாமல் வந்தால் அது பழைய எழுத்துருவில் தட்டியது; யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

பெயரெல்லாம் சரி, முதல் நெடுவரிசை மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் ஃபைலின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் இருக்கும். இது யூடிஎஃப்-8 என்று சொல்லும் முத்திரை அது. இந்த முத்திரை இருந்தால்தான் எக்செல்லில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். இருந்தால் பல நிரல்களுக்கு ஆகாது. இரண்டு பிரதி வைத்துக்கொள்வதே என் வழக்கம். நோட்பேடில் சேவ் ஆஸ் கொடுக்கும்போது கீழே குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொன்று: ஆக்டேவ் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணும். "புழல்" நமக்கு மூன்று எழுத்து. ஆக்டேவ் 15 என்று சொல்லும். பெயரின் முதல் நான்கு எழுத்தை வெட்டி எடுக்கும் நிரல்கள் தமிழில் உடைவது இதனால்தான்.

எக்செல் ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது

எக்ஸ்எல்எஸ்ரீட் வேண்டுமென்றால் முதலில் ஐஓ தொகுப்பை ஏற்ற வேண்டும். ஏற்றியும் திறக்கவில்லையா? நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பாருங்கள். உண்மையான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் ஒரு ஜிப் பொட்டலம். பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அதற்குப் பதில் கோண அடைப்புக்குறிகளோடு இணையப் பக்கக் குறிகள் வந்தால், யாரோ வலைப்பக்க அட்டவணைக்கு எக்செல் பெயர் சூட்டி அனுப்பியிருக்கிறார்கள். பல தளங்களின் டவுன்லோடு பொத்தான் செய்யும் வேலை இது. லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் திறந்து சிஎஸ்வி ஆக்கிக்கொள்ளுங்கள்.

மேட்லாபிலிருந்து வந்த மேட் ஃபைல் ஆக்டேவில் சரியாகத் திறக்காவிட்டால் அது 7.3 பதிப்பாக இருக்கலாம். அனுப்பியவரை 7-இல் சேமித்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

தேதி இடம் மாறியிருக்கிறது

இப்போது அந்தத் தம்பியின் ஃபைலுக்கு வருகிறேன். அவனுடைய லேப்டாப்பில் விண்டோஸின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றாத அமைப்பு. சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்து, அதை ஆக்டேவில் ஏற்றியிருக்கிறான்.

அவனை எக்செல்லில் தேதி நெடுவரிசையை மட்டும் பார்க்கச் சொன்னேன். "கொஞ்சம் வலது பக்கம் ஒட்டியிருக்கு, கொஞ்சம் இடது பக்கம் ஒட்டியிருக்குக்கா" என்றான். அதுதான் தடயம். எக்செல் தேதி என்று புரிந்துகொண்டதை வலப்பக்கம் தள்ளும். எழுத்து என்று விட்டதை இடப்பக்கம் வைக்கும். 02/12 அதற்குப் பிப்ரவரி 12. 13/12 என்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாதே, அதனால் எழுத்தாகவே விட்டுவிட்டது.

கணக்குப் போட்டால் சேதம் தெரியும். மாதத்துக்கு முதல் 12 நாள் வீதம் ஆண்டுக்கு 144 தேதிகள் மாறும். அவற்றில் 1/1, 2/2 போன்ற 12 தேதிகள் திருப்பினாலும் அதே தேதிதான். மீதி 132 தப்பான இடத்தில். எஞ்சிய 221 நாள் எழுத்து. ஆக்டேவில் அவை நேன் ஆக வந்தன. அவன் நேன் வந்த வரிகளையெல்லாம் நீக்கிவிட்டான். ஒவ்வொரு மாதத்திலும் சரியாக 12 நாள் தரவு மட்டும் மிஞ்சியிருந்தது. மாதத்துக்கு எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்து எல்லாம் 12 என்று வந்தால், வேறு காரணம் தேட வேண்டாம்.

அவன் சிஎஸ்வி ஆகவே சேமித்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருப்பான். எண்களின் வரிசை எழுத்தில் அப்படியே இருந்திருக்கும், முன் சுழியம் மட்டும் போயிருக்கும். எக்ஸ்எல்எஸ்எக்ஸில் தேதி, 1900-இலிருந்து நாள்களை எண்ணி வரும் எண்ணாகவே பதிந்துவிடுகிறது. 2015 டிசம்பர் 2 எக்செல்லுக்கு 42340. பிப்ரவரி 12 என்றால் 42047. அவன் ஃபைலில் இருந்தது 42047. நல்ல எக்செல் தேதி எண்களை ஆக்டேவின் டேட்நம் என்ற நாள் எண் கணக்குக்கு மாற்ற 693960 கூட்ட வேண்டும்: 42340 கூட்டினால் 736300. எல்லாத் தேதியும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் பிசகி நின்றால் அந்த ஃபைல் 1904 தேதி முறையில் (1900-க்குப் பதில் 1904-இலிருந்து எண்ணும் முறை) உருவானது. வித்தியாசம் 1462 நாள்.

திருத்தும் வழி ஒன்றுதான். கெட்ட ஃபைலைத் தட்டிக்கொட்டாமல் அசல் சிஎஸ்வியிலிருந்து மறுபடி தொடங்குவது. டெக்ஸ்ட்ஸ்கேனில் தேதியை எழுத்தாகவும் மழையை எண்ணாகவும் வாசிக்கச் சொல்லி, பிரிப்பான் கமா, தலைப்பு வரி 1 என்று கொடுத்தோம். அப்புறம் அந்த எழுத்தை டேட்நம்-இடம் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை வெளிப்படையாகச் சொல்லி மாற்றினோம். வரிசையைச் சொல்லாமல் விட்டால் அதுவும் அமெரிக்க முறையைத்தான் நினைக்கும். பாண்டாஸில் டேஃபர்ஸ்ட் என்று ஒரு விருப்பம் உண்டு. நான் அதையும் நம்பாமல் வடிவத்தையே எழுதிக் கொடுப்பேன்.

365 வரி வந்தது. மேக்ஸ் எந்தத் தேதியில் என்று பார்த்தோம். டிசம்பர் 2.

"ஆனா அக்கா, மழை 1-ஆம் தேதிதானே பெஞ்சுது? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

நல்ல கேள்வி. காலை 8.30-க்கு அளந்து, முந்தைய 24 மணி நேர மழையை அளந்த நாளின் கணக்கில் எழுதுவது நம் வானிலைத் துறையின் வழக்கம். ஒன்றாம் தேதி பகலும் இரவும் பெய்தது இரண்டாம் தேதியில் வரும். இது பிழை இல்லை, திருத்தக் கூடாது என்று சொன்னேன். மாத வாரியான படங்கள் பன்னிரண்டையும் அன்றிரவே மறுபடி வரைந்து, இரண்டு மணிக்கு அனுப்பியிருந்தான்.